நூற்று முப்பத்து நான்கு எலக்ட்ரான்கள்

தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியை மூடி நான்கு வருடமாகிவிட்டது. படிக்கப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்தச் சரிவில் போன் லைன் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் அதுதான். சுபத்ரா தோட்ட ஆபீஸ் கிராணியிடம் சொல்லி அதன் சாவியை வாங்கி வைத்திருந்தாள். காலை எட்டு மணிக்கெல்லாம் மடிக்கணினியோடு போய், முழங்கால் உயரமே இருந்த நாற்காலிகளில் இரண்டைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். பத்து மணிக்குள் முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி உட்காருவாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்து வருடம் கணினி வேதியியல் ஆய்வாளராக இருந்தாள். ஒப்பந்த வேலை. மார்ச்சில் திட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி மலைமேல் இருக்கும் தம்பி குகனேஸ்வரன் வீட்டுக்கு வந்தவள், ஆகஸ்டிலும் அங்கேயே இருந்தாள். தம்பி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தம்பி மனைவி ரூபினி, சுற்றுலாப் பயணிகள் வந்து தேநீர் குடிக்கும் கடையில் வேலை. இருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

பழைய வேலையில் மிச்சமிருந்தது ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியை வீட்டிலிருந்தே இயக்க செப்டம்பர் கடைசிவரை பேராசிரியர் சாமிநாதன் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். சம்பளம் கிடையாது. அங்கே முனைவர் பட்டம் செய்யும் மாணவன் தனேஸின் ஆய்வுக் கட்டுரைக்குக் கடைசிக் கணக்கு ஒன்று பாக்கியிருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடலாம் என்றிருந்தாள்.

கணக்கு ஒரு பெரிய வளைய மூலக்கூறைப் பற்றியது. இலைக்குப் பச்சை நிறம் தருகிற பொருளின் நடுவில் சின்ன வளையம் ஒன்று இருக்கும். அதைப் போன்ற பத்தைக் கார்பன் இணைப்புகளால் கோத்து வட்டமாக்கினால் எப்படியிருக்கும், அதுதான் அந்த மூலக்கூறு. வட்டத்தைச் சுற்றி ஓடக்கூடிய எலக்ட்ரான்கள் நூற்று நாற்பது. அதில் ஆறை உருவிவிட்டால் நூற்று முப்பத்து நான்கு. நான்கால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஒரு வளையத்தில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அப்படி அமைந்தால், அவை எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் வளையம் முழுக்கப் பரவி நிற்கும். காந்தத்துக்குள் வைத்தால் வளையத்தைச் சுற்றி மின்னோட்டம் ஓடும். ஆறு அணு வளையத்தில் இது பள்ளிக்கூடப் பாடம். இவ்வளவு பெரிய வட்டத்திலும் ஓடுமா என்பதுதான் கேள்வி. ஓடும் என்று ஐந்து வருடத்துக்கு முன் சுபத்ராவின் கணக்கு சொன்னது.

அந்தக் கணக்கு வெளியான கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் தனேஸ் முனைவர் பட்டத்துக்கு வந்தான். கணக்கில் மட்டும் இருக்கிற வளையத்தைக் கண்ணாடிக் குடுவையில் செய்து காட்டுகிறேன் என்று சொன்னான். மூன்று வருடம் செய்தான். இரண்டு முறை கடைசிப் படியில் எல்லாம் கெட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஜூலையில் ஏழு மில்லிகிராம் சுத்தமாகக் கிடைத்தது. ஒரு அரிசிமணியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து ஆறு எலக்ட்ரானை உருவினால் மூலக்கூறு ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். அளக்க ஒரே ஒரு வாய்ப்பு. சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தின் காந்தக் கருவியில் அவனுக்கு ஒரு வியாழக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள்.

அவளுடைய பழைய கணக்கு, அந்தக் காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய முறையில் போட்டது. இவ்வளவு பெரிய மூலக்கூறுக்குச் சமன்பாட்டை முழுசாகத் தீர்க்க முடியாது, ஏதாவது ஒரு குறுக்கு வழியில்தான் போக வேண்டும். அந்தக் குறுக்கு வழிக்கு ஒரு குணம் உண்டு. எலக்ட்ரான்களை உள்ளதைவிட அதிகமாகப் பரப்பிக் காட்டும். அது சுபத்ராவுக்கு அப்போதே தெரியும். சின்ன வளையம் ஐந்தாறை மட்டும் கோத்த சிறிய வட்டங்களில் சோதித்தபோது விடை சரியாக வந்ததால், பெரியதிலும் சரியாக வரும் என்று எடுத்துக்கொண்டாள். அந்தக் குணம் இல்லாத புதிய முறையில் பத்து வளையத்தைப் போட்டுப் பார்க்க அன்றைய கணினிக்குத் திராணி இல்லை. இப்போது இருந்தது. தனேஸின் கட்டுரையின் பின்னிணைப்பில் ஒரு வரி சேர்க்கலாமே என்றுதான் ஓடவிட்டாள். மூன்று நாள் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை விடை வந்தது. வட்டத்தைச் சுற்றி மின்னோட்டம் இல்லை. ஆறு எலக்ட்ரான் எடுத்த குறை, பத்து வளையத்திலும் பரவாமல், மூன்று இடங்களில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. சின்ன வளையம் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு இருந்தது. பெரிய வட்டம் என்று ஒன்று, எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை, இல்லவே இல்லை.

அவள் பதறவில்லை. எங்கேயாவது தட்டச்சுப் பிழை இருக்கும் என்று நினைத்தாள். நான்கு நாள் தேடினாள். மூலக்கூறின் வடிவத்தை ஆறு விதமாக மாற்றி, ஆறையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஆறும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

அவர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"தனேஸ்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல புரொப்."

"சொல்லாத. பையன் அளக்கப் போற நேரம், இப்பப் போய் அவனக் குழப்பாத. அளக்கட்டும். ஓடுனா ஓடுது. ஓடலன்னா செஞ்ச விதத்த மட்டும் வச்சு ஒரு பேப்பர் எழுதிக்கலாம்."

"நம்ம பழைய பேப்பரு?"

"அதப் பின்னால பாப்போம்லா. நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடு. குரலே சரியில்ல."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் முதலில் பட்டது. அளப்பவன் மனதில் விடையைத் திணிக்கக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டினாள். அடுத்த நாள் குளிக்கும்போது அது சரியில்லை என்று தெரிந்துவிட்டது. குறை மூன்று இடத்தில் ஒடுங்கியிருந்தாலும் சாதாரண வெப்பநிலையில் அது ஓரிடத்தில் நிற்காது. வளையத்துக்கு வளையம் தாவிக்கொண்டே இருக்கும். கருவி பார்க்கும்போது பத்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏன் மின்னோட்டம் இல்லை என்று அவனுக்குப் புரியாது. எலக்ட்ரானைச் சரியாக உருவவில்லையோ, மூலக்கூறு கெட்டுவிட்டதோ என்று தன் கையையே சந்தேகப்படுவான். மிகவும் குளிர வைத்து அளந்தால்தான் தாவல் நிற்கும், சமிக்ஞைகள் பிரியும், உண்மை தெரியும். அதை அவனிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

தெரிந்தும் சொல்லவில்லை. பயம்கூடப் பெரிதாக இல்லை. ஓய்ந்து போயிருந்தாள், அவ்வளவுதான். தனேஸ் தினமும் குரல் செய்தி அனுப்பினான். கரைப்பான் வந்துவிட்டது, கருவிக்காரர் நல்லவர், கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கட்டைவிரல் படத்தை அழுத்தி அனுப்பினாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வரப்போகிற நூறு வாக்கியங்களை நினைத்தபோது போனைக் கவிழ்த்து வைக்கத்தான் தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் ரூபினி வேலை முடிந்து வந்து, வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அண்ணி, அந்தத் தனேஸ் எனக்குப் போன் அடிச்சாரு. உங்களுக்கு அடிச்சாரு போல, கெடைக்கலயாம். சனிக்கெழம மேல வர்றாராம்."

"எதுக்காம்?"

"சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி உங்களப் பாக்கணுமாம். உங்க கணக்காலதான் எல்லாம்னு சொல்றாரு. சந்தோசமா இருக்காரு."

ரூபினி சுபத்ராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு காலணியையும் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"ஏதும் சுசாவா அண்ணி, என்ன கஷ்டம்?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் ரூபினி. பழைய தப்பு. அது அவன் தலையில விழுந்திருக்கு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சனிக்கெழம சாப்புடறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. சாப்புட்டுட்டுச் சொன்னா சாப்புட்டதும் சேராது." சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் வைத்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தனேஸ் தோட்டத்துச் சாலை முடிகிற இடத்தில் காரோடு நின்றான். ஒல்லியான ஆள், முப்பத்தொரு வயதுக்குள் முன்நெற்றி ஏறியிருந்தது. பிரிஞ்சாங் டவுனில் சாப்பிடலாம், அதற்கு முன் லேப்பில் இருப்பவர்களுக்குக் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வேண்டும் என்றான். அவள் ஏறிக்கொண்டாள். கியா பார்ம் கடைகள் தெரிவதற்கு முன்பே காடிகள் வரிசையாக நின்றுவிட்டன. சனிக்கிழமை நெரிசல். பள்ளி விடுமுறை வேறு. பேருந்து ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

தனேஸ் போனை எடுத்துக் காட்டினான். விரல் தடிமனுள்ள குப்பியின் அடியில் கரும்பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"பாருங்கக்கா. மூணு வருசம் இதுக்குள்ள இருக்கு. பேப்பர்ல உங்க படத்தையும் என் ஸ்பெக்ட்ரத்தையும் பக்கத்துல பக்கத்துல போடணும். நான் முடிவு பண்ணிட்டேன், புரொப் என்ன சொன்னாலும் சரி."

"தனேஸ், காடிய எங்கயாச்சும் ஓரமா நிறுத்த முடியுமா?"

"எங்கக்கா நிறுத்தறது? நீங்களே பாருங்க."

அவள் பார்த்தாள். இடமில்லை. முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓடாது."

"ஜாம் எப்படியும் ஒரு மணி நேரத்துல ஓடிரும்லா."

"அதச் சொல்லல. வட்டத்துல ஓடாது. புது முறையில போட்டுப் பாத்தேன். கொற மூணு எடத்துல போய் உக்காந்துக்குது. நான் முன்னாடி சொன்னது தப்பு."

அவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு அவள் எதிர்பார்த்த கேள்விகளையே வரிசையாகக் கேட்டான். வடிவம் தப்பாக இருக்கலாமே. ஆறு விதமாகப் பார்த்தேன். கரைப்பானைச் சேர்த்தீர்களா. சேர்த்தேன். சிறிய வட்டத்துக்குப் புதிய முறை என்ன சொல்கிறது. அங்கே ஓடுகிறது, அளந்தவர்களோடும் ஒத்துப்போகிறது, பெரியதில்தான் அறுந்துபோகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் அவன் தலையை ஆட்டினான். கேள்விகள் தீர்ந்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பன்னெண்டு நாளாச்சு."

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். முன்னால் ஒரு காடி நீளம் இடம் விழுந்திருந்தது. அவன் நகர்த்தி நிறுத்தினான்.

"பன்னெண்டு நாளா நான் உங்களுக்கு மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"கேட்டேன்."

"கேட்டீங்க. தம்ஸ்அப் போட்டீங்க." குரல் உயரவில்லை. "புரொப்புக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட முடியும். அவருக்கும் அது வசதியாக இருக்கும். "தெரியும்" என்றாள்.

"சரி."

"நீ அளக்கணும் தனேஸ். ஆனா சாதாரண டெம்பரேச்சர்ல எடுத்தா ஒண்ணும் வெளங்காது. கொற தாவிக்கிட்டே இருக்கும். மைனஸ் எழுபது எண்பதுக்குக் கொண்டு போகணும். அப்ப சிக்னல் பிரியும்."

"அந்தக் கருவிய அவ்ளோ குளிருக்கு அவங்க செட் பண்ணல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா பண்ணியிருப்பாங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "தப்பு பண்ணினது பரவால்லக்கா. எல்லாரும் அந்த முறையிலதான் போட்டாங்க. நானே ரெண்டு தடவ மொத்தத்தையும் கெடுத்தவன். இந்தப் பன்னெண்டு நாள்தான்."

"மன்னிச்சிரு."

"இப்ப அதெல்லாம் வேணாம்கா."

வரிசையிலிருந்து திரும்ப வழி கிடைத்ததும் அவன் காடியைத் திருப்பினான். ஸ்ட்ராபெரி வாங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. தோட்டத்துச் சாலை முனையில் அவளை இறக்கிவிட்டு, பத்திரமாகப் போங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவள் நனைந்துகொண்டே நடந்தாள். வேகமாக நடக்கத் தெம்பில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாலர் பள்ளிக்குப் போனாள். ஈர உடையோடு உட்கார்ந்து, சிங்கப்பூர் கருவிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தன் பழைய கணக்கு தவறு என்பதையும், அது தெரிந்தும் நாள் கடத்தியது தான்தான் என்பதையும், மாணவன்மேல் பிழை இல்லை என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதினாள். என்ன வெப்பநிலை வேண்டும், ஏன் வேண்டும் என்பதை அடுத்த பத்தியில். பேராசிரியருக்கும் தனேஸுக்கும் நகல் போட்டாள். படித்துப் பார்த்தால் அனுப்பமாட்டோம் என்று தெரிந்ததால் படிக்காமலே அனுப்பினாள். ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து, குளிரில் எந்தெந்த இடத்தில் சமிக்ஞை வர வேண்டும் என்று கணக்கிட்டு ஒரு பட்டியல் செய்தாள். மொத்தம் ஆறு.

கருவிக்காரர் செவ்வாய்க்கிழமை பதில் போட்டார். வியாழன் முடியாது, வெள்ளிக்கிழமை வேறொருவர் நேரத்தை மாற்றித் தருகிறேன், மைனஸ் எழுபத்தைந்துவரை இறக்கலாம் என்றார். தனேஸ் அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதியிருந்தான். அவளுக்கு எதுவும் எழுதவில்லை. பேராசிரியரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கோப்பு வந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை. சுபத்ரா திறந்து பார்த்தாள். சாதாரண வெப்பநிலையில் பத்து வளையமும் ஒன்றுபோல இருந்தன. பெரிய வட்டத்தில் மின்னோட்டம் ஓடினால் வர வேண்டிய பெயர்ச்சி துளியும் இல்லை. குளிரக் குளிரக் கோடுகள் அகன்று, மங்கி, எழுபத்தைந்தில் பிரிந்து நின்றன. பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்து சரியாக அதனதன் இடத்தில். ஆறாவது இன்னொன்றின் கீழே மறைந்திருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் தவறாகச் சொன்னது அவள். இப்போது சரியாகச் சொன்னதும் அவள்தான். ஒன்றுக்கு ஒன்று ஈடாகவில்லை. தனேஸ் அந்த அறையில் தனியாக நின்று, இல்லாத ஒன்று இல்லை என்று திரையில் தெளிவாகத் தெரிவதைப் பார்த்திருப்பான். கோப்பு கிடைத்தது, மிகச் சுத்தமான அளவீடு என்று பதில் எழுதினாள். வீட்டுக்கு வந்து, சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே படுத்து, மறுநாள் காலைவரை தூங்கினாள். ரூபினி சாப்பிட எழுப்பவில்லை.

பேராசிரியர் அடுத்த வாரம் கூப்பிட்டார். "கருவிக்காரருக்கே எழுதணுமா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க புரொப்."

அவர் இருமினார். "பழைய பேப்பர்ல என் பேரும் இருக்கும்மா."

"தெரியும். திருத்தம் நான் எழுதறேன். உங்களுக்கு அனுப்பறேன். சரின்னு சொன்னாப் போதும்."

சரி என்று சொல்ல அவருக்கு மூன்று வாரம் ஆனது. சொன்னார். செப்டம்பர் முடிந்ததும் கணினி அனுமதி நின்றது. அவள் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தானா ராத்தா டவுனில் பதினேழு வயது ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்க ஒரு நிலையத்தில் கூப்பிட்டார்கள். வாரம் நான்கு நாள் பேருந்தில் கீழே போய் வந்தாள். மூலக்கூறுகள் அங்கே மிகச் சிறியவை. அது ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. நவம்பரில் திருத்தம் வெளிவந்தது. பதினோரு வரி.

அதற்கடுத்த வாரம், டியூஷன் இல்லாத ஒரு காலையில், தனேஸ் கூப்பிட்டான். சனிக்கிழமை நெரிசலுக்குப் பிறகு அவன் குரலை அன்றுதான் கேட்டாள்.

"அக்கா, பேசலாமா?"

"பேசு."

"தீசிஸ் எழுதிக்கிட்டு இருக்கேன். பத்துல ஓடலன்னு காட்டியாச்சு. ஆறு சின்ன வளையத்தக் கோத்ததுல ஓடுதுன்னு மத்தவங்க காட்டியிருக்காங்க. நடுவுல எங்க அறுந்து போகுதுன்னு எக்சாமினர் கண்டிப்பா கேப்பாரு. ஏழு, எட்டு, ஒம்போது போட்டுப் பாக்கணும்."

"எனக்கு அக்கவுண்ட் இல்லயே தனேஸ். மூடிட்டாங்க."

"எனக்குக் குடுத்திருக்காங்க. ஆனா எப்படி ஓட்டறதுன்னு தெரியாது. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கறேன். கோவம் போச்சுன்னு இல்லக்கா. வேற யாருக்கும் இது தெரியாது, அதான்."

"ம்."

"ஒண்ணு மட்டும். ஏதாச்சும் வந்தா அன்னிக்கே சொல்லிரணும். நல்லதோ கெட்டதோ."

"அன்னிக்கே சொல்றேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவள் பழைய நோட்டைத் தேடி எடுத்து, எட்டு வளையத்தின் பக்கத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி, கோடு, இடைவெளி என்று சொல்லிக்கொண்டு போனாள். அவன் அடித்துவிட்டுத் திருப்பிப் படித்தான். முதல் முறை பிழை காட்டியது. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வெயில் ஏறி, மலைச்சரிவின் கீழ்ப்பாதிவரை பனிமூட்டம் விலகியிருந்தது. இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டது.

"ஓடுதுக்கா. வரிசையில நிக்குதாம். நாலு நாள் ஆகும்னு காட்டுது."

"ஆகட்டும்" என்றாள் சுபத்ரா. "இப்ப ஏழ அடி."